கிலோவுக்கு என்ன மிஞ்சியது? ஸ்பெஷாலிட்டி கெமிக்கல் கம்பெனியின் ஆண்டறிக்கையைப் படிக்கும் விதம்

ஆத்தங்குடிக் கல் பட்டறையில் கண்ணாடித் தட்டின்மேல் இரும்புச் சட்டம் வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, அச்சின் ஒவ்வோர் அறையிலும் வண்ணச் சிமென்ட் கூழை ஊற்றுவார்கள். சிவப்பு அறைக்குள் போவது ரெட் ஆக்சைடு கலந்த கூழ். சிமென்ட் எடையில் 5 சதவீதம் என்று வைத்தால் 50 கிலோ மூட்டைக்கு இரண்டரைக் கிலோ. 10 சதவீதத்துக்கு மேல் போட்டால் நிறம் ஏறுவதில்லை, கல்லின் பலம்தான் இறங்கும்.

யாரோ ஒருவர் வந்து கிலோவுக்கு 10 ரூபாய் குறைத்து வேறு ஆக்சைடு தருகிறேன் என்கிறார். மூட்டைக்கு மிச்சம் 25 ரூபாய். புது ஆக்சைடின் துகள் கொஞ்சம் பருமனாக இருந்து, சாயல் ஒரு நூல் மாறிவிட்டால்? வீட்டின் வளவு (உள்முற்றத்தைச் சுற்றிய பகுதி) முழுக்கப் பாவிய தரையில் பாதி ஒரு சிவப்பு, பாதி வேறு சிவப்பு. பாவிய கல்லைப் பெயர்த்து மறுபடி பாவும் செலவை நினைத்தால் அந்த 25 ரூபாயை எந்தப் பட்டறைக்காரரும் தொட மாட்டார்.

ஸ்பெஷாலிட்டி கெமிக்கல் கம்பெனி பிழைப்பது இந்தத் தயக்கத்தில்தான். வாங்குபவரின் மொத்தச் செலவில் அது சிறு பங்கு; ஆனால் சொதப்பினால் மொத்தச் சரக்கும் வீண். கான்கிரீட்டில் தண்ணீரைக் குறைக்கச் சேர்க்கும் அட்மிக்ஸர், தோல் பதனிடும் ரசாயனம், பெயின்டில் நுரை வராமல் தடுக்கும் திரவம், மாத்திரைக்கு மூலமாகப் போகும் இடைநிலைப் பொருள் எல்லாம் இந்த வகை. காஸ்டிக் சோடாவும் கந்தக அமிலமும் இதற்கு நேர் எதிர். சுத்தம் இத்தனை சதவீதம், டன் இத்தனை ரூபாய், அதோடு பேச்சு முடிந்தது. நாளைக்கே இன்னொருவர் 100 ரூபாய் குறைத்தால் லாரி அங்கே போய் நிற்கும்.

நடுவில் நிற்கும் சரக்கும் நிறைய உண்டு. சலவைத்தூளுக்கு வேண்டிய லீனியர் ஆல்கைல் பென்சீனை மணலியில் தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் செய்கிறது. பென்சீனும், மண்ணெண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கும் பாரஃபினும்தான் மூலப்பொருள்; ஆகவே கச்சா எண்ணெய் அசைந்தால் இதன் விலையும் அசையும். ரெட் ஆக்சைடும் அப்படித்தான். ஒரே சாயலை வருஷக்கணக்கில் தரத் தெரிந்தவரிடம் அது ஸ்பெஷாலிட்டி. மற்றவரிடம் வெறும் காவிப் பொடி. எனவே கம்பெனியின் பெயரில் ‘ஸ்பெஷாலிட்டி’ என்று இருப்பது ஒன்றையும் நிரூபிக்காது. கணக்கில் தெரிகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

விற்பனை ஏறினால் நல்ல வருஷமா?

ஆண்டறிக்கையைத் திறந்ததும் தலைவர் உரையில் விற்பனை இத்தனை சதவீதம் வளர்ந்தது என்று இருக்கும். புதிதாகப் படிப்பவர்கள் தடுக்கி விழும் முதல் இடம் இது. ஒரு கற்பனைக் கம்பெனியை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

முதல் வருஷம் 10,000 டன் விற்கிறது. விலை கிலோ 200 ரூபாய், அதில் மூலப்பொருள் 120 ரூபாய். விற்பனை 200 கோடி. மூலப்பொருள் போக மிச்சம் 80 கோடி. சம்பளம், மின்சாரம், நீராவி, லாரி வாடகை எல்லாம் 50 கோடி. வட்டிக்கும் தேய்மானத்துக்கும் முன் கையில் நிற்பது 30 கோடி.

இரண்டாம் வருஷம் மூலப்பொருள் 90 ரூபாய்க்கு இறங்குகிறது. வாடிக்கையாளர் விடுவாரா, விலையை 172-க்கு இறக்குகிறார். விற்றது 11,000 டன். விற்பனை 189 கோடி, அதாவது 5 சதவீதத்துக்கு மேல் சரிவு. ஆனால் கிலோவுக்கு மிச்சம் 82 ரூபாய்; மொத்தம் 90 கோடி. செலவு 54 கோடி ஆனாலும் கையில் 36 கோடி நிற்கிறது.

மூன்றாம் வருஷம் மூலப்பொருள் 130-க்கு ஏறுகிறது. விலையை 205 வரைதான் ஏற்ற முடிகிறது. விற்றது 10,500 டன். விற்பனை 215 கோடி! கிட்டத்தட்ட 14 சதவீத வளர்ச்சி. தலைவர் உரை இந்த வருஷம் தடபுடலாக இருக்கும். கிலோவுக்கு மிச்சமோ 75 ரூபாயாகி, செலவு 57 கோடியும் போக, கையில் சுமார் 22 கோடிதான். முந்தைய வருஷத்தைவிட 40 சதவீதம் குறைவு.

விற்பனை சரிந்த வருஷம்தான் இந்த மூன்றில் சிறந்த வருஷம். விற்பனைத் தொகையில் பாதிக்கு மேல் மூலப்பொருள் விலை சும்மா உள்ளே வந்து வெளியே போவது. அதை ஒதுக்கிவிட்டு, எத்தனை கிலோ விற்றது, கிலோவுக்கு என்ன மிஞ்சியது என்ற இரண்டை மட்டும் வருஷா வருஷம் எழுதி வந்தால் கம்பெனி எங்கே போகிறது என்று தெரிந்துவிடும். மூலப்பொருள் ஏறியபோதும் இறங்கியபோதும் அந்த மிச்சம் பெரிதாக ஆடாமல் நின்றால் அது அசல் ஸ்பெஷாலிட்டி. 82, 75, 60 என்று இறங்கிக்கொண்டே போனால், போட்டியாளர்கள் பெருகிச் சரக்கு சாதாரணமாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

இந்தக் கணக்குக்கு வேண்டியது லாப நட்டக் கணக்கில் மூன்று வரிகள்: காஸ்ட் ஆஃப் மெட்டீரியல்ஸ் கன்ஸ்யூம்ட் (செலவான மூலப்பொருள்), பர்சேஸ் ஆஃப் ஸ்டாக் இன் டிரேட் (வாங்கி விற்ற சரக்கு), சேஞ்சஸ் இன் இன்வென்டரீஸ் (இருப்புச் சரக்கின் ஏற்ற இறக்கம்). மூன்றையும் சேர்த்து விற்பனையிலிருந்து கழித்தால் மொத்த மிச்சம். மூன்றாவது வரி சில வருஷம் அடைப்புக்குறிக்குள் வரும். அது மைனஸ் தொகை; மற்ற இரண்டோடு கூட்டாமல் அவற்றிலிருந்து கழிக்க வேண்டும். நடு வரியைத் தனியாகவும் கவனிக்க வேண்டும். அது பிறரிடம் வாங்கி அப்படியே விற்ற சரக்கு. உற்பத்திக் கம்பெனி என்று சொல்லிக்கொண்டு இந்த வரி மட்டும் வருஷா வருஷம் வீங்கினால், ஆலை ஒரு பக்கம் தூங்க, வியாபாரம் மறுபக்கம் நடக்கிறது.

டன் கணக்கைப் பல கம்பெனிகள் வெளிப்படையாகச் சொல்வதில்லை. மேனேஜ்மென்ட் டிஸ்கஷன் அண்ட் அனாலிசிஸ் என்று நிர்வாகம் தொழில் நிலவரத்தை அலசும் பகுதியிலோ, காலாண்டு முடிவுக்குப் பிறகு முதலீட்டாளர்களோடு நடத்தும் தொலைபேசி உரையாடலின் எழுத்து வடிவத்திலோ ‘அளவில் 8 சதவீதம் வளர்ச்சி’ என்று ஒரு வாக்கியம் கிடைக்கும். அதுவே போதும். விற்பனை 14 சதவீதம், அளவு மைனஸ் 4 என்றால் மீதியெல்லாம் விலையின் வேலை.

இருப்புச் சரக்கும் ஒரு வருஷத்தைப் புரட்டிப் போடும். 1,000 டன் மூலப்பொருளைக் கிலோ 120 ரூபாய்க்கு வாங்கிக் கிடங்கில் அடுக்கியிருக்கும்போது சந்தை விலை 90 ஆகிவிட்டால் 3 கோடி ரூபாய் அங்கேயே கரைந்தது. அந்தக் காலாண்டு மோசமாகத் தெரியும். பழைய சரக்கு தீர்ந்ததும் சரியாகிவிடும். விலை ஏறும்போது இதே கிடங்கு லாபத்தை ஊதிக் காட்டும். அதை நிர்வாகத் திறமை என்று தலைவர் உரை எழுதும். நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம்.

எந்த வருஷத்தோடு ஒப்பிடுகிறார்கள் என்பதும் முக்கியம். பெருந்தொற்றுக் காலத்தில் கப்பல் வாடகை ஏறி, சரக்கு வராதோ என்று பயந்து, உலகெங்கும் வாடிக்கையாளர்கள் தேவைக்கு மேல் வாங்கிக் குவித்தார்கள். 2023-இல் குவித்ததைத் தீர்க்கும்வரை புது ஆர்டர் குறைந்தது. சீன ஆலைகளும் விலையை அடித்துக் குறைத்தன. ஆகவே 2021-22-ஐ அடிவருஷமாக வைத்தால் எல்லாமே சரிவாகத் தெரியும், 2023-24-ஐ வைத்தால் எல்லாமே எழுச்சியாகத் தெரியும். கடல் கடந்து கொண்டுவிற்கப் (வணிகம் செய்யப்) போன காலத்தில் நகரத்தார் எனும் செட்டிநாட்டு வணிகர்களின் கடை ஏஜெண்டுகளுக்கு மூன்று வருஷத் தவணைதான் வழக்கம். ஒரு வருஷ விளைச்சலை வைத்து ஆளை எடைபோட முடியாது என்று தெரிந்து வைத்த ஏற்பாடு போலும். இங்கும் குறைந்தது மூன்று அறிக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

உலைக்குள் நடப்பது

இயக்குநர் அறிக்கையின் பின்னால் ஓர் இணைப்பு இருக்கும்: எரிசக்திச் சேமிப்பு, தொழில்நுட்ப உள்வாங்கல், அந்நியச் செலாவணி. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 134-ஆம் பிரிவு கேட்பதால் எழுதுகிறார்கள். பெரும்பாலோர் இதைப் புரட்டாமலே போய்விடுவார்கள். இந்தத் தொழிலில் மிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு இங்கேதான் தடயம் கிடைக்கும்.

ஒரு பொருளை ஐந்து படிகளில் செய்கிறார்கள் என்று வைப்போம். ஒவ்வொரு படியிலும் போட்டதில் 90 சதவீதம் கிடைக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் 0.9-ஐ ஐந்து முறை பெருக்கினால் கடைசியில் கைக்கு வருவது 59 சதவீதம். ஒவ்வொரு படியையும் 92-க்கு உயர்த்தினால் கடைசியில் 66. அதாவது ஒரு கிலோ சரக்குக்கு ஆகும் மூலப்பொருள் சுமார் 10 சதவீதம் குறைகிறது. படிக்கு இரண்டே சதவீதம்! ‘கரைப்பான் மீட்பு மேம்பாடு’ (கரைக்கப் பயன்படுத்திய திரவத்தைத் திரும்ப எடுப்பது), ‘விளைச்சல் உயர்வு’ என்று அந்த இணைப்பில் பொருள் பெயரோடு எழுதியிருந்தால் ஆலைக்குள் வேலை நடக்கிறது. ‘நவீனத் தொழில்நுட்பம் பின்பற்றப்படுகிறது’ என்று நான்கு வருஷமாக ஒரே வாக்கியம் நகலாகி வந்தால் நடக்கவில்லை. ஆராய்ச்சிச் செலவும் அங்கேயே ரூபாயில் இருக்கும். விற்பனையில் எத்தனை சதவீதம் என்று போட்டுப் பாருங்கள்.

ஆராய்ச்சி சரக்காக மாறாமல் போவது எங்கே என்பதையும் சொல்ல வேண்டும். கல்யாண வீட்டு அண்டாவில் வைத்த சாம்பார் மாலைவரை கொதி ஆறாது. வீட்டுச் சட்டியில் வைத்தது அரை மணியில் ஆறிவிடும். அளவு பெருகும் வேகத்தில் மேற்பரப்பு பெருகுவதில்லை. ஒரு லிட்டர் குடுவையில் செய்த வினையை 5,000 லிட்டர் உலைக்கு மாற்றும்போது கொள்ளளவு 5,000 மடங்கு; வெப்பத்தை வெளியே விடும் சுவரோ சுமார் 290 மடங்குதான். லிட்டருக்கு உள்ள சுவர் பதினேழில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. வெப்பம் உமிழும் வினை என்றால், ஆய்வகத்தில் அரை மணியில் சேர்த்த திரவத்தை உலையில் சொட்டுச் சொட்டாகப் பல மணி நேரம் விட வேண்டும். அவசரப்பட்டால் சூடு ஏறி, வேண்டாத துணைப்பொருள் கூடும். கைமீறினால் உலையே வெடிக்கும். இதனால்தான் ஆய்வகத்துக்கும் ஆலைக்கும் நடுவில் பைலட் ஆலை என்ற சிறிய சோதனை ஆலை ஒரு படியாக வருகிறது. காரைக்குடிக்காரர்களுக்கு இது புதிய செய்தி இல்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் எழுபது வருஷமாக ஊருக்குள் இருக்கிறதே. ஆய்வகத்தில் வெற்றி என்ற செய்திக்கும் லாரியில் சரக்கு ஏறுவதற்கும் இடையே எவ்வளவு தூரம் என்று அங்கே வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

நாளைக்கு என்ன என்று சொல்லும் பக்கம்

‘எதிர்காலத் திசை’ என்ற தலைப்பில் அழகான படங்களோடு பல பக்கம் வரும். அதை ஒருமுறை படித்துவிட்டு ஐந்தொகைக்கு வாருங்கள். பேலன்ஸ் ஷீட்டுக்கு அந்தப் பெயர் செட்டிநாட்டுப் பேரேடுகளில் புழங்கியதுதான், எனவே மிரள வேண்டாம்.

அதில் கேபிட்டல் வொர்க் இன் புராக்ரஸ் என்ற வரி, கட்டி முடியாத ஆலையில் இதுவரை போட்ட பணம். 2021-22 கணக்காண்டு முதல் அதன் வயதையும் குறிப்புகளில் அட்டவணையாகத் தர வேண்டும்: ஒரு வருஷத்துக்குள், 1-2, 2-3, மூன்று வருஷத்துக்கு மேல். கெடு தாண்டிய திட்டங்களும், செலவு மதிப்பீட்டை மீறிய திட்டங்களும் தனி அட்டவணையில் வர வேண்டும். முன்னால் 300 கோடி விரிவாக்கம் என்று அறிவித்துவிட்டு, இங்கே 12 கோடிதான் நிற்கிறது என்றால் திசை இன்னும் வாய்ப்பேச்சில் இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு மேல் என்ற கட்டத்தில் பெரிய தொகை உட்கார்ந்திருந்தால் எங்கோ சிக்கிக்கொண்டது.

பெரும்பாலும் சிக்குவது அனுமதியில். கரிம வேதிப்பொருள் ஆலைக்கும் விரிவாக்கத்துக்கும் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி முன் அனுமதி தேவை. பிறகு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவும் வேண்டும். மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் கம்பெனி பெயரைப் போட்டால் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது, எத்தனை டன்னுக்குக் கேட்டிருக்கிறார்கள், எந்தெந்தப் பொருளுக்கு என்று பார்க்கலாம். ஆண்டறிக்கையில் பூடகமாகச் சொன்ன ‘அடுத்த தலைமுறைப் பொருட்கள்’ அங்கே பெயரோடும் அளவோடும் பட்டியலாக இருக்கும். இதைவிட நல்ல துப்பு வேறெங்கும் கிடைக்காது.

ஆலை முடிந்தபின் வரும் வருஷம் எல்லோரையும் ஏமாற்றும். 100 கோடி ஆலை, அதில் 70 கோடி கடன், வட்டி 9 சதவீதம் என்றால் வட்டி 6.3 கோடி. 15 வருஷ ஆயுள், கடைசியில் 5 சதவீத மதிப்பு மிஞ்சும் என்று வைத்தால் தேய்மானமும் வருஷத்துக்கு 6.3 கோடி. ஒரு கிலோ விற்கும் முன்னே 12 கோடிக்கு மேல் சுமை. கட்டும் காலத்தில் இந்த வட்டி ஆலையின் விலையோடு சேர்ந்துகொள்ளும், செலவாகத் தெரியாது. ஆலை தயார் என்று கணக்கில் ஏறிய மறுநாளிலிருந்து லாபத்தைக் கடிக்கத் தொடங்கும். விற்பனையோ மெதுவாகத்தான் வரும். மாதிரி அனுப்ப வேண்டும், வாடிக்கையாளர் சோதித்துப் பார்ப்பார், ஆலையை வந்து தணிக்கை செய்வார், பிறகு சின்ன ஆர்டர். மருந்து மூலப்பொருள் என்றால் இதற்கே ஒன்றிரண்டு வருஷம் போகும். ஆகவே புது ஆலை தொடங்கிய வருஷம் லாபம் குறைந்தால் பதற வேண்டியதில்லை. மூன்றாம் வருஷமும் அப்படியே இருந்தால் பதறலாம்.

‘திறன் பயன்பாடு 60 சதவீதம், இன்னும் 40 சதவீதம் வளர இடமிருக்கிறது’ என்ற வாக்கியத்தையும் அப்படியே விழுங்க வேண்டாம். ஒரே உலையில் பல பொருள் செய்யும் ஆலைக்கு டன் கணக்குப் பொருந்தாது. ஒரு பொருள் எட்டு மணியில் முடியும், இன்னொன்று மூன்று நாள் எடுக்கும். மாற்றும்போதெல்லாம் உலையைக் கழுவிக் காயவைத்துப் பரிசோதிக்க நாள் போகும். இந்த வகை ஆலைக்கு உலைகளின் மொத்தக் கொள்ளளவைக் கிலோலிட்டரில் கேட்பதுதான் சரி.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வருமானத்தில் 10 சதவீதமோ அதற்கு மேலோ வந்தால் கணக்குக் குறிப்புகளில் சொல்ல வேண்டும். செக்மென்ட் (வியாபாரப் பிரிவு) என்ற தலைப்பில் தேடுங்கள். சரக்குக்குப் பொருள் குவிப்புத் தடுப்பு வரி, அதாவது அநியாயமாக மலிந்த விலையில் வரும் இறக்குமதிமேல் போடும் ஆன்டி டம்பிங் டியூட்டி இருந்தால் அது முடியும் நாளைக் குறித்து வையுங்கள். வழக்கமாக ஐந்து வருஷத்துக்குப் போடுவார்கள். கிலோவுக்கு மிஞ்சிய பணம் வரியின் தயவா, சரக்கின் தயவா என்பது அன்று தெரியும். வரவேண்டிய பாக்கியின் வயது அட்டவணையில் ஆறு மாதம் தாண்டியது கூடினால் விற்பனையைத் துரத்திக் கடன் கொடுக்கிறார்கள். நிதி விகிதங்களில் ஏதாவது 25 சதவீதத்துக்கு மேல் மாறியிருந்தால் காரணம் எழுத வேண்டும் என்பது விதி. அந்த ஒற்றை வரிக் காரணம் தலைவர் உரையைவிட நேர்மையாக இருக்கும்.

அறிக்கை கம்பெனி இணையதளத்திலும் பங்குச் சந்தைத் தளங்களிலும் இலவசம். தாத்தா வாங்கிய காகிதப் பங்குகள் பெட்டகத்தில் கிடக்கும் வீடுகள் இந்தப் பக்கம் ஏராளம் என்பதால் ஒன்று சொல்லிவைக்கிறோம். தொடர்ந்து ஏழு வருஷம் ஈவுத்தொகை வாங்காமல் விட்டால் பங்குகளும் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். திரும்பப் பெறலாம், ஐஇபிஎஃப்-5 படிவமும் வாரிசுச் சான்றுகளும் கொஞ்சம் பொறுமையும் வேண்டும்.

மார்ச்சில் கணக்கு முடிக்கும் கம்பெனி செப்டம்பர் முடிவதற்குள் பொதுக்கூட்டம் நடத்த வேண்டும், 21 நாள் முன்னறிவிப்போடு. பல கம்பெனிகள் இப்போது காணொலியில் நடத்துவதால் காரைக்குடியில் உட்கார்ந்தபடியே கலந்துகொள்ளலாம். ஒரே பங்கு வைத்திருந்தாலும் பேசப் பெயர் கொடுக்கலாம். அறிவிப்பிலேயே மின்னஞ்சல் முகவரியும் கடைசி நாளும் இருக்கும். ஒரே ஒரு கேள்விக்குத்தான் நேரம் தருவார்கள் என்றால் ஈவுத்தொகையைப் பற்றிக் கேட்டு வீணாக்காதீர்கள். ‘போன வருஷம் எத்தனை டன் விற்றீர்கள், இந்த வருஷம் எத்தனை டன்?’ என்று கேளுங்கள். எண்ணைச் சொல்லிவிட்டால் குறித்துக்கொள்ளுங்கள். ‘போட்டி காரணமாகச் சொல்ல இயலாது’ என்றால், அளவு கூடியதா குறைந்ததா என்றாவது கேளுங்கள். அதற்கும் மழுப்பினால், குறைந்திருக்கிறது.